குண்டைக் குறை சொல்லாதீர்கள்: பிஸ்டல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குண்டைப் பற்றியவை. விரலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

என் பிஸ்டலுக்கு எந்தக் குண்டு நல்லது? (உட்லண்ட்ஸ்)

எந்தப் பிஸ்டல்? எந்தப் போட்டி? மருந்துக் கடையில் போய் "மாத்திரை கொடுங்கள்" என்று நிற்கிறீர்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடுவது, என்று நானாக வைத்துக்கொள்கிறேன். குண்டின் விட்டம் 4.5 மி.மீ., தட்டைத் தலை, எடை அரைக் கிராம் அல்லது சற்றுக் குறைவு.

கூர்முனைக் குண்டு தூரம் போகுமாமே? (பிடோக்)

பத்து மீட்டருக்கு மேல் எங்கே போக வேண்டும்? தட்டைத் தலை தாளை வட்டமாக வெட்டும். கூர்முனை கிழிக்கும், அப்புறம் மதிப்பெண் பார்ப்பவரோடு வழக்குத்தான்.

குண்டின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என மூன்று அளவுகளையும் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டேன். மதிப்பெண் எட்டும் ஒன்பதுமாகவே விழுகிறது. அடுத்து 4.52 வாங்கலாமா? (தெம்பனிஸ்)

வாங்காதீர்கள். மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். என் பொறுமையும் மாதாமாதம் தேய்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டு கோட்டைத் தொட்டாலே பத்து. அதாவது, குண்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மி.மீ. விலகினாலும் உங்களுக்குப் பத்துதான். பிஸ்டலைக் கவ்வியில் இறுக்கிச் சுட்டால், சுமாரான போட்டிக் குண்டுகூட ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகாது. தலை அளவை மாற்றி நீங்கள் மிச்சம் பிடிப்பது அதிலும் ஒரு துளி.

இப்போது கையைப் பாருங்கள். பிஸ்டலின் மேல் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. முன்குறி அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் இலக்கில் அது முப்பது மடங்காகி 15 மி.மீ. விலகும், ஒன்பது தப்பிப் பிழைக்கும். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் ஏழு. விசையை வெடுக்கென்று இழுக்கும் விரல் அந்த ஒரு மில்லிமீட்டரை அனாயாசமாகச் சாய்த்துவிடும். அந்த எட்டுகள் குண்டு போட்டவை அல்ல.

ரைஃபிள்காரர்களின் கதை வேறு. அவர்களுடைய பத்து அரை மில்லிமீட்டர் புள்ளி. தலை அளவு, தயாரிப்புத் தொகுதி எண் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு நாமும் டப்பா டப்பாவாக வாங்குகிறோம். நானும் வாங்கியவன்தான். பாதி தீர்ந்த மூன்று டப்பாக்கள் இன்னும் என் அலமாரியில் கிடக்கின்றன.

ஒரு டப்பாவோடு நில்லுங்கள். குண்டு போடாமல், வெறும் சுவரைப் பார்த்து, விசையை மட்டும் தினமும் ஐம்பது தடவை அழுத்திப் பழகுங்கள். முன்குறி அசைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அசையாத நாளில் 4.52 பற்றிப் பேசுவோம்.

பழைய டப்பாவில் குண்டுகள்மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. ஊதிவிட்டுச் சுடலாமா? (ஈசூன்)

ஊதவே ஊதாதீர்கள்! குண்டின் ஈயம் நம் சிங்கப்பூர் ஈரத்தில் பூத்துப்போன பொடி அது. மூச்சில் போனால் விஷம். டப்பாவை மூடி ஒதுக்கிவிடுங்கள். புதியதை இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவுங்கள். அதற்கு முன் கறிபஃப்பைத் தொடாதீர்கள். போன முறையும் இதைச் சொன்னேன், அடுத்த முறையும் சொல்வேன்.

அமெரிக்காவில் என் மைத்துனர் சுட்டு முடித்த 9 மி.மீ. தோட்டாக் கூடுகளில் மருந்தும் குண்டும் போட்டு வீட்டிலேயே மறுநிரப்புகிறார். பிஸ்டல் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி) கிடைக்காமல் ரைஃபிள் பிரைமர் போடலாமா என்கிறார். நினைவாக எனக்கு ஐந்தாறு வெற்றுக் கூடுகளும் தருவாராம். (பொங்கோல்)

சிறு பிஸ்டல் பிரைமர், சிறு ரைஃபிள் பிரைமர் இரண்டுக்கும் விட்டம் 4.45 மி.மீ. அளவுதான். குழியில் பொருந்திவிடும், ஆபத்தே அதுதான். ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் பொதுவாகத் தடிப்பு. பிஸ்டலின் அடி போதாமல் வெடிக்காமல் போகலாம். வெடித்தாலோ அழுத்தம் மாறலாம். சுடர் கூடுதலான மேக்னம் பிரைமரில் இன்னும் கவனம் வேண்டும். கையேட்டில் எந்தப் பிரைமர் சொல்லியிருக்கிறதோ அதையே போடச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் காத்திருக்கட்டும்.

கூடுகள் வேண்டாம். தேசிய சேவையில் ராணுவப் பயிற்சி முடித்தவர்தானே? சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன் "தோட்டாவும் இல்லை, வெற்றுக் கூடும் இல்லை" என்று உரக்க அறிவித்தது அதற்குள் மறந்துவிட்டதா? காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் கேட்கும் ஊர் இது. சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும் ஆசை இருந்தால் தவிர, காவல்துறையிடம் முன்கூட்டியே கேட்காமல் எதையும் கொண்டுவராதீர்கள். மறுநிரப்பும் எண்ணம் இருந்தால் அதை மைத்துனர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

25 மீட்டரில் சுடும் .22 தோட்டாவை மறுநிரப்ப முடியாதா? (ஜூரோங்)

அதில் தனிப் பிரைமரே கிடையாது. தீமூட்டும் கலவை கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. பிஸ்டலின் ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். அத்துடன் அதன் ஆயுள் முடிந்தது.

ஏர் பிஸ்டலின் காற்றுக் கலனில் பொறித்த பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கசிவே இல்லை. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா? (செங்காங்)

கூடாது. 200 பார் அழுத்தத்தை முகத்துக்கு நேரே நீட்டிய கையில் பிடித்திருக்கிறீர்கள். பத்து ஆண்டு என்றால் பத்து ஆண்டுதான். கழகத்தின் ஆயுதப் பொறுப்பாளரிடம் இந்த வாரமே ஒப்படையுங்கள்.