ஐரோப்பியச் சட்டத்தைக் காப்பவர் உள்ளூர் நீதிபதி

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு லக்சம்பர்க்கில் தனி நீதிமன்றம் இருக்கும்போது, ஒன்றியத்தின் சட்டத்தை உறுப்பு நாடுகளின் சாதாரண நீதிமன்றங்கள் ஏன் நிலைநாட்ட வேண்டும்? சொந்த நாட்டுச் சட்டத்தோடு அது மோதினால் நீதிபதி எதைப் பின்பற்றுவார்?
– சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: 27 நாடுகளுக்குச் சட்டம் இயற்றும் ஒன்றியத்திடம் சொந்தக் காவல்துறையும் இல்லை, ஜப்தி செய்ய அமீனாவும் இல்லை. தன் நாட்டு அரசு ஒன்றியச் சட்டத்தை மீறிவிட்டது என்று ஒரு குடிமகன் நேராக லக்சம்பர்க் சென்று வழக்குத் தொடுக்கவும் முடியாது. அவருக்குத் திறந்திருக்கும் வாசல் அவர் ஊர் நீதிமன்றம்தான். ஆகவே சுங்க வரியானாலும், சம்பளப் பாக்கியானாலும், ஒன்றியச் சட்டம் காகிதத்திலிருந்து இறங்கி ஒருவர் கைக்கு வருவது பெரும்பாலும் உள்ளூர் நீதிபதியின் தீர்ப்பு வழியாகத்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளமிட்டது 1963-ஆம் ஆண்டின் வான் கெண்ட் என் லோஸ் வழக்கு. மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை இறக்குமதி செய்த டச்சு நிறுவனத்திடம், 3 சதவீதமாக இருந்த சுங்க வரி 8 சதவீதமாகக் கேட்கப்பட்டது. உறுப்பு நாடுகள் தங்களுக்கிடையே வரியை உயர்த்தக் கூடாது என்று அவை சேர்ந்து செய்துகொண்ட அடிப்படை ஒப்பந்தம் சொல்லியிருந்தபோதிலும், அது அரசுகளுக்கிடையிலான வாக்குறுதியே தவிர ஒரு வணிகர் அதைக் காட்டி உரிமை கோர முடியாது என்று அரசுகள் வாதிட்டன. லக்சம்பர்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த விதி தனிமனிதருக்கு நேரடியாக உரிமை தருகிறது, அந்த உரிமையை நாட்டு நீதிமன்றங்கள் காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டே, 1,925 லிரா மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்த மிலான் நகர வழக்கறிஞர் கோஸ்தாவின் வழக்கில், பின்னால் இயற்றப்பட்ட நாட்டுச் சட்டமும்கூட ஒன்றியச் சட்டத்தை மீற முடியாது என்ற முதன்மைக் கோட்பாடு பிறந்தது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான விடை 1978-ஆம் ஆண்டின் சிம்மெந்தால் தீர்ப்பில் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த மாட்டிறைச்சிக்கு எல்லையில் வாங்கிய பரிசோதனைக் கட்டணம் செல்லாது என்று கருதிய இத்தாலிய நீதிபதி, அந்த நாட்டு முறைப்படி, முரண்பட்ட சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்யும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கத் தேவையில்லை, எந்த நிலையில் உள்ள நீதிபதியும் முரண்படும் நாட்டுச் சட்டத்தைத் தானே ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றியச் சட்டப்படி தீர்ப்பு வழங்க வேண்டும் என்றது லக்சம்பர்க். இங்கே நாட்டுச் சட்டம் ரத்தாவதில்லை. அந்த வழக்கில் அது பொருந்தாது, அவ்வளவுதான். ஆயினும் கீழ்நிலை நீதிபதி ஒருவர் தன் நாடாளுமன்றத்தின் சட்டத்தை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் பெறுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சட்டம் படிப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றமே இதை ஏற்றுக்கொள்ள 1984 வரை ஆனது.

நீதிபதிக்கு ஐயம் எழுந்தால், ஒன்றியம் இயங்கும் விதத்தை வகுக்கும் ஒன்றியச் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 267-ஆவது பிரிவின்படி வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத நீதிமன்றமானால், 1982-ஆம் ஆண்டின் சில்ஃபிட் தீர்ப்பு சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, கேட்டே ஆக வேண்டும். விளக்கம் தருவது லக்சம்பர்க், தீர்ப்பு எழுதுவது உள்ளூர் நீதிபதி. நாட்டின் தவறால் குடிமகனுக்கு இழப்பு நேர்ந்தால் அரசு ஈடு செய்ய வேண்டும் என்று 1991-இல் பிராங்கோவிச் வழக்கிலும், அந்தத் தவறு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே இருந்தாலும் பொறுப்பு உண்டு என்று 2003-இல் கோப்லர் வழக்கிலும் முடிவானது.

கேள்வி: லக்சம்பர்க் நீதிமன்றமும் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமும் ஒன்றா?

பதில்: இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், ஒன்றியத்திலிருந்து வேறான, 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலைச் சேர்ந்தது. உள்நாட்டு வழிகள் முடிந்தபின் தனிமனிதர் அங்கே நேரடியாக மனுச் செய்யலாம்.

கேள்வி: ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே லக்சம்பர்க்குக்குப் பணிய மறுத்தால் என்ன ஆகும்?

பதில்: இரண்டு வகை மறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதலை ஏற்ற லக்சம்பர்க் தீர்ப்பு அதிகார வரம்பை மீறியது என்று ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் 2020 மே 5-இல் கூறியது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஜெர்மனிமீது நடவடிக்கை தொடங்கி, அந்நாட்டு அரசு அளித்த உறுதிமொழிகளுக்குப் பின் 2021 டிசம்பரில் முடித்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அது சுதந்திரமான நீதிபதிகள் காரணம் காட்டி எழுதிய கருத்து வேறுபாடு. போலந்தில் நடந்தது வேறு. அங்கே நீதிபதிகளைத் தண்டிக்கும் ஒழுங்கு அமைப்பே அரசியல் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. அதன் செயல்பாட்டை நிறுத்தச் சொன்ன லக்சம்பர்க் உத்தரவுக்குப் போலந்து பணியாததால், 2021 அக்டோபரில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

ஆணையம் வழக்குத் தொடுக்கலாம், அபராதம் கேட்கலாம். ஆனால் உள்ளூர் நீதிபதி அஞ்சிக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டால், அந்த வழக்கு லக்சம்பர்க்கை எட்டுவதே இல்லை. இதுவே எனக்கு மிகவும் கவலை தருவது. அங்கேரியில் ஒரு குற்ற வழக்கில், நீதிமன்ற மொழிபெயர்ப்பின் தரம் பற்றியும் நீதித்துறைச் சுதந்திரம் பற்றியும் விளக்கம் கேட்டு அனுப்பிய நீதிபதியின் செயல் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கையும் தொடங்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 2021 நவம்பர் 23-இல் லக்சம்பர்க், இவ்விரண்டையும் ஒன்றியச் சட்டம் அனுமதிக்காது என்றும், தன் உச்ச நீதிமன்றத்தின் அந்த அறிவிப்பை அந்த நீதிபதி பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்தது.