‘டீம்னா இதெல்லாம் சகஜம்’ என்கிறார் கோச். யார் மீது புகார் கொடுப்பது?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. கடலூரில் ஒரு தனியார் பள்ளியின் கபடி டீமில் இருக்கிறான். போன மாதம் போட்டிக்காகப் பாண்டிச்சேரியில் தங்கியபோது, ப்ளஸ் டூ பையன்கள் துணி துவைக்கச் சொல்லி, மறுத்ததற்கு பெல்ட்டால் அடித்திருக்கிறார்கள். குளிக்கும்போது வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். கோச்சிடம் சொன்னால், “டீம்னா இதெல்லாம் சகஜம், நானும் பட்டுத்தான் வந்தேன்” என்கிறார். பெரிசாக்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டா போய்விடும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து பயமுறுத்துகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

வழக்கறிஞர் பதில்: அந்த வீடியோ உங்கள் போனுக்கு வந்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆதாரம் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அந்த மாதிரிப் படத்தைப் பரப்புவது தனிக் குற்றம். பெற்ற தாயாக இருந்தாலும் விதிவிலக்கில்லை. போனோடு போலீசில் காட்டுங்கள்.

அடுத்து, வாயால் சொல்வதை இன்றோடு நிறுத்தி, எழுத்தில் கொடுங்கள். 1996ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அதன் பிறகு 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. காலேஜுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ‘கல்வி நிறுவனம்’ என்றுதான் சொல்கிறது. விருப்பமில்லாத வேலையைச் செய்ய வைப்பதும் ராகிங்தான். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். உங்களுக்கு முக்கியம் இன்னொரு பிரிவு: ராகிங் புகார் வந்தால் தலைமையாசிரியர் உடனே விசாரித்தாக வேண்டும். கிடப்பில் போட்டால் அவரே உடந்தை என்று கருதப்படுவார். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சம்பவம் நடந்தது பாண்டிச்சேரியில். எல்லைக்கு அப்பால் நடந்ததற்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தை மட்டும் நம்பினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்வார். ஆகவே மகனிடம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே பிராக்டிஸ் மைதானத்திலும் நடந்ததா? இந்தப் பழக்கம் வெளியூர் போன அன்று திடீரென்று முளைப்பதில்லை. நடந்திருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள். மற்றபடி அடித்ததும் வீடியோ எடுத்ததும் மத்தியச் சட்டங்களில் வரும்; அவை கடலூருக்கும் பாண்டிக்கும் ஒன்றுதான். ஆனால் ஸ்டேஷனில் “பாண்டி கேஸ், அங்கே போங்க” என்பார்கள், அங்கே போனால் “கடலூர் ஸ்கூல்தானே, அங்கே போங்க” என்பார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும். இதைக்கூடப் பிள்ளையைப் பெற்றவர்தான் போலீசுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அப்படியும் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

வீடியோ இருப்பதால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் வரலாம். அது ஆண் பிள்ளைகளையும் காக்கும் சட்டம். வருமா வராதா என்று முடிவு செய்வது கோச்சின் வேலையல்ல. பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் அனுப்புவார்கள், தயங்காமல் போங்கள். ப்ளஸ் டூ பையன்களுக்கு 18 நிரம்பியிருக்காவிட்டால் விவகாரம் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவர்களைப் பெரியவர்கள் இருக்கும் ஜெயிலில் போடமாட்டார்கள்.

கோச் மீது நடவடிக்கை முடியுமா என்றால், முடியும். தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. “நானும் பட்டுத்தான் வந்தேன்” என்று அவர் சொன்னதைப் புகாரில் அப்படியே எழுதுங்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பள்ளி நிர்வாகம், “அவர் வெளிக் கோச், எங்கள் ஊழியர் இல்லை” என்று கைகழுவப் பார்க்கும். நியமன ஆணையே இல்லாமல் கோச் வைத்துக்கொள்வது அதற்காகத்தான். டீமை அழைத்துப் போன பொறுப்பாசிரியர் யார், யார் கையெழுத்தில் போனார்கள் என்று கடிதத்திலேயே கேளுங்கள்.

இப்போது, வீட்டுக்கு வந்த அந்த ஆள். கபடி சங்கத்துக்காரர் என்பார், எல்லா அதிகாரியும் தெரியும் என்பார். பள்ளிப் பிள்ளைக்கு கோட்டாவுக்கு வேண்டிய படிவம் 4, தேசியப் பள்ளிப் போட்டியில் மாநில டீமுக்கு ஆடினால் கல்வித் துறை தருவது. அவர் சட்டைப் பையில் இல்லை. அடுத்த முறை ஸ்டாம்ப் பேப்பரோடு வருவார். கையெழுத்துப் போடாதீர்கள், பணமும் வாங்காதீர்கள். ஆசிரியர் மீதான ஒரு போக்சோ வழக்கைப் பெற்றோர் சமாதானமாகிவிட்டார்கள் என்று ரத்து செய்தது தவறு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சமாதானப் பத்திரத்தால் வழக்கு போகாது, உங்கள் பெயர்தான் கெடும்.

கல்வி அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெரும்பாலும் ‘அறிக்கை தருக’ என்று அதே பள்ளிக்கே திரும்பி வரும். இருந்தாலும் பதிவு முக்கியம். கூடவே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். பள்ளியில் கூப்பிட்டு, “பையன் மனசுக்கு நல்லது, டி.சி. வாங்கிக்கோங்க” என்று இனிக்கப் பேசுவார்கள். விசாரணை முடியும்வரை டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள்.