வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பிய ஒன்றியம் விரிவதற்குச் சனம் ஏன் மறுக்கிறது?

கேள்வி: உக்ரேனைச் சேர்க்கத் தலைவர்கள் சம்மதித்தாலும் சனம் விரும்பவில்லை என்று பிரான்ஸில் உள்ள உறவினர்கள் சொல்கிறார்கள். சனம் மறுத்தால் உண்மையில் எது நிற்கும்? (சுன்னாகம் வாசகர்)

பதில்: எல்லாம் முடிந்த பிறகும் கடைசிப் படியில் நிற்கலாம். வேட்பாளர் தகுதி (சேர விண்ணப்பித்த நாட்டை வருங்கால உறுப்பினராக ஏற்பது), ஒன்றியச் சட்டங்களைத் துறைவாரியாகப் பிரித்த 35 அத்தியாயங்களில் பேச்சு, ஒவ்வொன்றையும் திறப்பதும் மூடுவதும் என்று எல்லாவற்றுக்கும் 27 அரசுகளும் ஒருமனதாக இணங்க வேண்டும். ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் சம்மதமும் தேவை. அதன்பின் இணைவு ஒப்பந்தத்தை ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பின்படி உறுதிப்படுத்த வேண்டும். பிரான்ஸின் அரசியலமைப்பில் 88-5ஆம் உறுப்புரை சர்வசன வாக்கெடுப்பைக் கேட்கிறது. இரு சபைகளும் தனித்தனியே ஐந்தில் மூன்று பெரும்பான்மையுடன் தீர்மானித்தால் மாத்திரமே அதைத் தவிர்க்கலாம்.

2016 ஏப்ரலில் நெதர்லாந்தில் நடந்தது இதற்கு முன்னறிவிப்பு. கேட்கப்பட்டது உறுப்புரிமை பற்றியே அல்ல, உக்ரேனுடனான ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றி. வாக்களித்தோர் 32 வீதம்தான். அவர்களில் 61 வீதத்தினர் வேண்டாம் என்றனர். அந்த உடன்படிக்கை வேட்பாளர் தகுதியைத் தராது என்று மற்றத் தலைவர்களிடம் எழுத்தில் வாங்கிய பிறகே நெதர்லாந்து அதை 2017இல் உறுதிப்படுத்தியது.

கேள்வி: இது வெறும் அந்நியர் வெறுப்பா? (மானிப்பாய் வாசகி)

பதில்: வெறுப்பும் உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது தவறு. கூலியும் கமமும் அடியில் கிடக்கின்றன.

2004 மே 1இல் 10 நாடுகள் சேர்ந்தபோது பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் மூன்றும் அந்நாட்டுத் தொழிலாளருக்கு உடனே வேலைச் சந்தையைத் திறந்தன. ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் முதலில் 2, பிறகு 3, கடைசியில் 2 என ஏழு ஆண்டுகள், 2011 வரை, கட்டுப்பாடு வைத்தன. வெளியாட்கள் வந்தால் கூலி குறையும் என்ற பயத்துக்கு இப்படி ஒரு கால அவகாசம் கொடுக்க முடிந்தது.

கமத்துக்கு அது போதாது. ஒன்றியத்தின் வரவுசெலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி ஹெக்டேர் கணக்கில் தரும் நேரடிக் கொடுப்பனவு. உக்ரேனின் விவசாய நிலமோ 4 கோடி ஹெக்டேருக்கு மேல். இதே கணக்கு நீடித்தால் இன்று வாங்குகிறவர்களின் பங்கு குறையும். 2023 ஏப்ரலில் உக்ரேன் தானியத்துக்குத் தடை போட்டதில் போலந்து முன்னின்றது. அதுவே 2004இல் சேர்ந்த நாடு. அறுவடை நேரத்தில் இறக்குமதி உருளைக்கிழங்கு இறங்கினால் நம் கமக்காரர் படும் பாடுதான் அங்கும். கொடுப்பனவுக் கணக்கை முதலில் மாற்றாமல் சனத்திடம் சம்மதம் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: புதிய நாடு சேர்ந்தால் ஷெங்கன் விசாவில் அங்கும் போகலாமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: உடனே அல்ல. ஷெங்கன் என்பது உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாமல் போகும் நாடுகளின் வலயம்; ஒன்றியம் வேறு, அது வேறு. குரோஷியா 2013இல் ஒன்றியத்தில் சேர்ந்தது, ஷெங்கனில் 2023 ஜனவரி 1இல்தான். ருமேனியா, பல்கேரியாவின் தரை எல்லைகள் 2025 ஜனவரி 1இல் திறந்தன. அவை சேர்ந்ததோ 2007இல். ஒஸ்திரியா நீண்டகாலம் இணங்காததும் இதற்கு ஒரு காரணம். மறுபுறம், ஒன்றியத்தில் இல்லாத நோர்வேயும் சுவிற்சர்லாந்தும் ஷெங்கனில் இருக்கின்றன. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றியப் பட்டியலை அல்ல, ஷெங்கன் பட்டியலைப் பாருங்கள்.