வாசகர் கேள்வி – பதில்: மருமகன் ட்ரெயிலர் வாங்கப் போகிறார்

கேள்வி: மகள் குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. கோடையில் காம்பிங் போவதற்கு மருமகன் சின்ன ஹைபிரிட் ட்ரெயிலர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். 17 அடி நீளம், வெறும் எடை 3,100 இறாத்தல், எட்டுப் பேர் படுக்கலாம் என்று விளம்பரம். இழுக்கப் போவது அவர்களுடைய டொயோட்டா சியன்னா வான். பேரப்பிள்ளைகள் மூன்று பேர். ஜூலையில் நானும் இவரும் அங்கே போகிறோம், எங்களுக்கும் அதில் கட்டில் இருக்கிறதாம். எனக்கு முழங்கால் நோ. இவருக்குக் கரடி என்றால் பயம். காசில் ஒரு பங்கு நாங்களும் கொடுப்பதாக இருக்கிறோம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: அம்மா, ட்ரெயிலர் நல்லது. வான் காணாது.

கொக்குவிலுக்குத் திரும்பி வருவதற்கு முன் நான் ஒன்ராறியோவில் ட்ரெயிலர் திருத்தும் இடத்தில் வேலை செய்தவன். உங்கள் மருமகன் பார்த்திருக்கும் சாமானை எனக்கு நன்றாகத் தெரியும். நடுவில் கெட்டியான சுவருள்ள சின்ன அறை. அதற்குள் குசினி, கழிப்பறை, மேசை. முன்னாலும் பின்னாலும் உள்ள பலகையைக் கீழே இறக்கினால் அதுவே கட்டிலாகும், அதன்மேல் கூடாரம் போலப் படங்கு விரியும். றோட்டில் போகும்போது 17 அடி, இறங்கி விரித்தால் நீளம் இன்னும் கூடும். சுவருக்குப் பதில் படங்கு என்பதால் பாரம் குறைவு, படுக்கிற இடம் அதிகம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பொருத்தமான தெரிவுதான்.

இப்போது வானுக்கு வருவோம். சியன்னா இழுக்கக்கூடியது 3,500 இறாத்தல். 3,100 அதைவிடக் குறைவுதானே என்று மருமகன் நினைத்திருப்பார். விற்பவர்கள் சொல்லும் வெறும் எடையில் தண்ணீர் சேராது, சமையல் காஸ் சேராது, பெரும்பாலும் பற்றறியும் சேராது. 30 அமெரிக்கக் கலன் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினாலே 113 கிலோ, அதாவது 250 இறாத்தல். நிரப்பிய காஸ் சிலிண்டர் இரண்டு, கிட்டத்தட்ட 75 இறாத்தல். இதிலேயே 3,400ஐத் தாண்டிவிட்டது. படுக்கை விரிப்பு, சட்டி பானை, மடக்குக் கதிரை, அரிசி, பிள்ளைகளின் சைக்கிள் எதுவும் இன்னும் ஏறவில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை வானுக்குள் இருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். மினிவான்களில் அது பெரும்பாலும் 500 முதல் 650 கிலோவுக்குள் வரும். நீங்கள் பெரியவர்கள் நாலு பேர், ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் 280. பிள்ளைகள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நூறு. ட்ரெயிலர் ஒழுங்காக ஓட வேண்டுமானால் அதன் முழு எடையில் 10 முதல் 15 வீதம் வானின் கொக்கியில் அழுத்த வேண்டும், 3,500 இறாத்தலுக்கு அது ஏறக்குறைய 190 கிலோ. அந்தப் பாரமும் இதே ஸ்டிக்கர் கணக்கில்தான் சேரும். 570 கிலோ ஆகிவிட்டது, வானுக்குள் ஒரு பை கூட வைக்கவில்லை. இப்படி ஏற்றினால் பின்பக்கம் பதிந்து முன்சில்லுகள் றோட்டைப் பிடிக்காது. 400ஆம் நெடுஞ்சாலையில் பெரிய லொறி ஒன்று முந்திக்கொண்டு போகும்போது ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் அடக்குவது கஷ்டம். என் மனம் பதறுவது இதற்குத்தான், வேறொன்றுக்கும் இல்லை.

ஆகவே மருமகனிடம் சொல்லுங்கள்: முதலில் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு, ட்ரெயிலர் படம் பிறகு பார்க்கலாம். நீங்கள் இருவரும் வேறொரு உறவினரின் காரில் வந்தால் 140 கிலோ குறைந்துவிடும். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் தனிக் குடும்பமாகக் காம்பிங் போவது குறைவு, கூட இரண்டு மூன்று கார் வரத்தான் செய்யும். தண்ணீரையும் வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போகத் தேவையில்லை, பூங்காவிலேயே நிரப்பலாம். அப்படிச் செய்தாலும் கணக்கு இறுக்கமாகவே இருக்கும். வானை மாற்றுகிற எண்ணம் இருந்தால் 5,000 இறாத்தல் இழுக்கும் வண்டி எடுத்த பிறகு இந்த ட்ரெயிலரை வாங்கட்டும். வானை மாற்ற முடியாதென்றால் இதைவிட ஓர் ஆயிரம் இறாத்தல் குறைந்த, மடக்கிக் கட்டும் கூடார ட்ரெயிலரைப் பார்க்கட்டும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் வந்தால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த பிரேக்கை இயக்கும் கருவியை வானிலும் பூட்ட வேண்டும். ஓடும்போது ட்ரெயிலருக்குள் ஆட்கள் இருப்பதும் சட்டவிரோதம், பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் விடாதீர்கள்.

உங்கள் முழங்காலுக்கு அந்தப் படங்குக் கட்டில் சரிவராது. இடுப்புக்கு மேல் உயரம், காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். உள்பக்கம் படுத்தவர் இரவில் கழிப்பறைக்குப் போக மற்றவரைத் தாண்டி இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், அவர்களை அங்கே விடுங்கள். உள்ளே சாப்பாட்டு மேசையை இறக்கினால் ஒரு கட்டில் வரும், அதை உங்களுக்குக் கேளுங்கள். மருமகன் வாங்கும் முன் மகளும் பிள்ளைகளும் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே படுத்துப் பார்க்கட்டும். எட்டுப் பேர் படுக்கலாம் என்றால் அதில் நாலு பேர் சின்னப் பிள்ளைகள் என்றுதான் பொருள்.

ஐயாவின் கரடிப் பயம் வீண் பயம் இல்லை. அல்கொன்குயின் பூங்காவில் கருங்கரடி உண்டு. மேற்கே லேக் லூயிஸில் கெட்டிச் சுவர் ட்ரெயிலர்களுக்கு ஓர் இடம், படங்கு வைத்தவற்றுக்கு மின்வேலி போட்ட வேறோர் இடம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். கரடி தேடி வருவது மணத்தை. எங்கள் ஆட்களுக்குக் காம்பிங் என்றால் மீன் பொரிக்க வேண்டும், இறைச்சிப் பிரட்டல் வேண்டும். சமையுங்கள், ஆனால் வெளியே, ட்ரெயிலரிலிருந்து தள்ளி. படங்கில் ஏறிய பொரியல் மணம் இலகுவில் போகாது. சாப்பிட்டு முடிந்ததும் மிச்சச் சோறு, குப்பை, எண்ணெய்ச் சட்டி எல்லாம் கார் டிக்கிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். பிள்ளைகளின் தலையணைக்குக் கீழே பிஸ்கற் இருக்கக் கூடாது. இவ்வளவும் செய்தால் ஐயா நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வியை நீங்களே மருமகனிடம் கேளுங்கள்: மழைக்குள் மடித்துக்கொண்டு வந்த படங்கை எங்கே காயவிடப் போகிறாய்? ஞாயிறு காலை மழை பெய்தால் ஈரத்தோடுதான் மூடி வெளிக்கிட வேண்டும். வீட்டுக்கு வந்து அடுத்த நாளுக்குள் விரித்துக் காயவிடாவிட்டால் தையல் ஓரங்களில் கறுப்புப் புள்ளி விழும். அது பூஞ்சணம். ஒரு தடவை பிடித்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் மணம் நிற்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. வீட்டு முற்றத்தில் விரிக்க 25 அடி இடம் இருந்தால் சரி. மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு ட்ரெயிலரைத் தூரத்து யார்ட் ஒன்றில் வாடகை கொடுத்து நிறுத்தப் போகிறார் என்றால் ஹைபிரிட்டை விட்டுவிட்டுக் கெட்டிச் சுவர் ட்ரெயிலருக்குப் போகட்டும், கட்டில் இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மிசிசாகாவில் உள்ள மச்சான் பழைய ஹைபிரிட் ஒன்று பார்க்கப் போகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: மூக்கையும் கட்டைவிரலையும். கதவைத் திறந்ததும் முதலில் மணந்து பார்க்கச் சொல்லுங்கள், வாசனைத் திரவியம் அடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறகு கட்டில் பலகை இறங்கும் வாசலின் நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஹைபிரிட்டுக்குத் தண்ணீர் உள்ளே போகும் வழி அதுதான், ரப்பர் பட்டி காய்ந்து வெடித்திருந்தால் உள்ளே பலகை பாண் போல அமுங்கும். அதன் நேர் கீழே தரையை மிதித்துப் பார்க்கட்டும். வெளிச்சுவரில் கொப்புளம் போல ஊதி இருந்தால் பேரம் பேசவே வேண்டாம், திரும்பி வரட்டும்.

ரயர் புதிது போலத் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ட்ரெயிலர் ரயர் ஓடித் தேய்வதைவிட நின்று காய்ந்து வெடிப்பதுதான் அதிகம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் புது ரயர்ச் செலவை விலையில் கழித்துக் கேட்கட்டும். குளிர்காலத்துக்கு முன் தண்ணீர்க் குழாய்களை வடித்து உறையாத திரவம் விட்டார்களா என்றும் கேட்க வேண்டும். விடாமல் இருந்தால் குழாய் வெடித்திருக்கும், தண்ணீர் ஓடவிட்டுக் காட்டாமல் காசு கொடுக்கக் கூடாது.

கேள்வி: இப்படி ஒன்றை இங்கே வெல்டிங் கடையில் செய்வித்து, வானில் கொழுவிக் காரைநகர் கசூரினாவுக்கும் மணற்காட்டுக்கும் குடும்பமாகப் போய்த் தங்கலாமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: ஆசை எனக்கும் உண்டு. இரும்பை வெட்டும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு, விளக்கு, பிரேக் பற்றி எழுத்தில் கேட்டு எடுங்கள். தங்க நினைக்கும் கடற்கரைக்குப் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டும்.

எங்கள் ஊருக்குக் கனடா அமைப்பை அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே குளிரை அடைக்கச் செய்தது, இங்கே காற்று ஊடறுத்துப் போக வேண்டும். இரண்டு பக்கமும் நுளம்பு வலை, வெயிலைத் திருப்ப மேலே இன்னொரு படங்கு, இடையில் ஒரு சாண் வெளி. உப்புக் காற்றுக்குச் சாதாரண பெயின்ற் நிற்காது, சட்டத்தைத் துத்தநாகத்தில் தோய்த்து எடுக்க முடிந்தால் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை படங்கை விரிக்கவே வேண்டாம். அச்சை நடுவுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள், தண்ணீர்த் தாங்கி அச்சுக்கு முன்னால் வரட்டும். பாரம் பின்னுக்கு விழுந்தால் பொன்னாலைப் பாலத்துக் காற்றில் வான் உங்கள் சொல் கேட்காது. வரைபடம் கீறியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.