மோழைக் கிடாவுக்கு மோழைப் பெட்டை வேண்டாம்

கேள்வி: நிபோங் திபாலில் பாலுக்காக 14 சானென் கலப்பு ஆடுகள் வளர்க்கிறேன். குட்டிக்குக் கொம்பு சுடும் வேலை வேண்டாமென்று, மூன்று வருஷமாகக் கிடா, பெட்டை எல்லாமே பிறவி மோழையாக, அதாவது கொம்பே முளைக்காததாகப் பார்த்துச் சேர்த்தேன். இப்போது பத்து மாதமான இரண்டு பெட்டைகள் பருவத்துக்கே வரவில்லை. ஒன்று கிடா மாதிரி நாறுகிறது, மற்ற ஆடுகள் மேல் ஏறுகிறது. மாட்டில் ஆண் கன்றோடு இரட்டையாகப் பிறந்த பெண் கன்றுக்கு வரும் மலட்டுக் கோளாறுதான் இது என்கிறார் பக்கத்துக் கொட்டகைக்காரர். இதன் காரணத்தை மனித, மாட்டு மரபணுக்களை வைத்துக் கண்டுபிடித்ததாகவும் ஒருவர் சொன்னார். அது எப்படி?

பதில்: அண்ணே, முதலில் அந்த நாறும் குட்டியின் வாலைத் தூக்கிப் பாருங்கள். பெண் உறுப்பின் கீழ் நுனியில் பட்டாணி அளவு முண்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது இடைப்பால் குட்டி. வெளியே பெட்டை, உள்ளே சினைப்பைக்குப் பதில் விதை. பக்கத்துக்காரர் சொல்லும் இரட்டைக் கோளாறு ஆட்டில் அபூர்வம். உங்கள் கொட்டகையில் நடந்தது மோழைக்கு மோழை சேர்த்ததன் விளைவு.

ஆட்டில் மோழைத்தன்மை ஓங்கு குணம். தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து வந்தாலே கொம்பு முளைக்காது. ஆனால் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டி இடைப்பாலாகிவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற ஒற்றைப் பங்கு மோழைகள் இரண்டைச் சேர்த்தால் பெண் குட்டிகளில் நாலில் ஒன்று இப்படிப் போகும். கிடா இருவரிடமிருந்தும் பெற்ற இரட்டைப் பங்கு என்றால் பாதி போகும்.

சரி, மனிதனும் மாடும் இதில் எங்கே வந்தார்கள்? பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே போனால் புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார். ரயிலில் போனாலும் பழைய ரோட்டில் போனாலும் ஊர்கள் வரிசை மாறாது. நெருங்கிய விலங்குகளின் மரபணு வரிசையும் ஏறத்தாழ அப்படித்தான். பரிணாமத்தில் கலையாமல் நின்ற டிஎன்ஏ எழுத்துகள் சில, ஸ்டேஷன் பலகை போல மாட்டிலும் ஆட்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே மாட்டுக்குச் செய்த அடையாளக் குறிகளில் பல ஆட்டிலும் வேலை செய்கின்றன. 1996இல் வந்த ஆட்டு மரபணு வரைபடத்துக்கு இந்த இரவல் குறிகள் பெரிய கைகொடுத்தன. மனிதனில் பாதை கொஞ்சம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது: ஆட்டின் முதல் குரோமோசோமில் உள்ளது மனிதனின் 3, 21 இரண்டிலும் சிதறிக் கிடக்கிறது.

மோழைக் குணம் அந்த முதல் குரோமோசோமின் கடைசிப் பக்கம் என்று தெரிந்ததும், மனித வரைபடத்தில் அதற்கு ஈடான இடத்தைத் தேடினார்கள். மூன்றாம் குரோமோசோமில் அதே இடத்தில் ஒரு மனித நோய் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. இமை சிறுத்துத் தொங்கும். சில பெண்களுக்குச் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிடும். அதற்குக் காரணமான ஃபாக்ஸ்எல்2 மரபணு 2001இல் பிடிபட்டது. அதே வருஷம் பிரான்ஸ் ஆய்வாளர்கள், மோழை ஆட்டில் அந்த மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி சுமார் 11,700 எழுத்து காணாமல் போயிருப்பதைக் காட்டினார்கள். காணாமல் போன துண்டில் மரபணு எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாமல் ஃபாக்ஸ்எல்2 விழிக்கவில்லை, சினைப்பை வளரவில்லை.

இந்த இரவல் முறை தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. மாட்டின் மோழைக் குணமும் முதல் குரோமோசோமில்தான், ஆனால் மறுமுனையில். மோழை மாட்டுக்கு மோழைக் காளை சேர்த்தால் இந்தத் தொல்லை கிடையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் ஆட்டிலும் துணிகிறார்கள்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொம்புள்ள சானென் அல்லது ஜமுனாபாரிக் கிடா ஒன்றை வாங்குங்கள். சூடு போட்டுக் கொம்பு எடுத்த கிடாவானாலும் பரவாயில்லை, பிறவியில் கொம்புள்ளதாக இருக்க வேண்டும். அப்போதும் ஒற்றைப் பங்குப் பெட்டைகளின் குட்டியில் பாதி மோழையாகவே பிறக்கும், உங்கள் சூடு போடும் வேலை பாதியாகும். அந்த இரண்டும் பாலுக்கு உதவாது. தீபாவளிக்குக் கறிக்கு விடலாம்.

குட்டி ஈன்று ஈரம் காய்ந்ததும் தலையைத் தடவிப் பாருங்கள். கொம்பு வரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மயிர்ச்சுழி இருந்தால் கொம்புக் குட்டி. சுழி ஒன்றே நடுவில் இருந்தால் மோழை. அதைப் பிறந்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள்.