தப்பு என்று பிள்ளைக்கு எப்போது தெரிகிறது? கற்பித்தல் வடிவமைப்பு: கேள்வி பதில்

இருபது வருஷமாகச் சென்னையில் இ-லேர்னிங் பாடங்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது திரைக்குத் திரை என்ன வரும் என்ற திட்டம், எழுதி வருகிறேன். பிள்ளை எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்கும் என்று திட்டமிடும் இந்த வேலைக்குத்தான் கற்பித்தல் வடிவமைப்பு என்று பெயர். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இதோ.

கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த துறைதானே சார் இது? (பி.எட். மாணவி, திருச்சி)

இல்லைம்மா, அதற்கு முந்தியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா லட்சக்கணக்கான பேரைச் சீக்கிரமாகப் பழக்க வேண்டியிருந்தது. பயிற்சிப் படங்கள் எடுத்தார்கள், உளவியலாளர்களையும் கூப்பிட்டார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதற்கு முன் எது தெரிந்திருக்க வேண்டும் என்று பார்க்கும் பழக்கம் அங்கே வேர்பிடித்தது. நீங்கள் படிக்கும் 'ஆடி' (ADDIE: பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு) முறையும் 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அந்நாட்டு ராணுவத்துக்காகச் செய்ததிலிருந்து வந்ததுதான்.

ஸ்கின்னர் புறாவை வைத்துச் சோதனை செய்தவர். அவருக்கு இதில் என்ன வேலை? (கல்லூரி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்)

எனக்குப் பிடித்த கேள்வி. 1953இல் அந்த அமெரிக்க உளவியலாளர் தன் மகளின் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், சிலருக்குக் கையே ஓடவில்லை. போட்டது சரியா தப்பா என்பது எவருக்கும் அப்போதே தெரியவில்லை. அவர் செய்த கற்பிக்கும் எந்திரம் இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து: அவரவர் வேகம், உடனே விடை. 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ என்ற திட்டம், பாடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனது. ஸ்கின்னரின் எந்திரம் நிலைக்கவில்லை. கோடிட்ட இடத்தையே நாளெல்லாம் நிரப்பினால் யாருக்குத்தான் சலிக்காது? ஆனால் அவர் அந்த வகுப்பில் கண்ட குறை இன்னும் தீரவில்லை.

நம் செயல்வழிக் கற்றலை இதில் சேர்க்கலாமா? (தொடக்கப்பள்ளி ஆசிரியை, கரூர்)

தாராளமாகச் சேர்க்கலாம் டீச்சர். ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. ஒரு திரையும் கிடையாது. பிள்ளை சுவரில் ஏணி மாதிரி மாட்டிய பாட வரிசையில் தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அந்தப் படிக்கான பயிற்சி அட்டையைத் தானே எடுக்கும். அவரவர் வேகம் என்பதை அட்டையாலேயே செய்து காட்டிய முறை அது. ஆசிரியர்களின் எழுத்து வேலையைக் கூட்டிவிட்டார்கள் என்ற வருத்தமும் நியாயமே.

எல்எம்எஸ்ஸில் (பாடங்களை ஓட்டி, யார் முடித்தார் என்று பதியும் மென்பொருள்) எல்லாரும் நூறு சதவீதம் முடித்துவிட்டார்கள், வேலையில் தவறு குறையவில்லை. ஏன்? (நிறுவனப் பயிற்சி அலுவலர், கோவை)

நான் எழுதிய ஒரு பாதுகாப்புப் பாடத்தை ஒரு தொழிற்சாலையில் நேரில் பார்த்தேன். குரல் முடியும்வரை நெக்ஸ்ட் பட்டன் சாம்பல் நிறத்தில் இருக்கும், அழுத்த முடியாது. ஊழியர் ஒலியைக் குறைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து அழுத்தினார், மறுபடி போனார். பதிவேட்டில் 'முடித்தார்'. அன்றைக்கு வெட்கப்பட்டேன். 2000இல் வந்த ஸ்கார்ம் என்ற பொதுத் தரநிலை, பாடத்தை எந்த எல்எம்எஸ்ஸிலும் ஓட வைத்தது, பெரிய உதவிதான். ஆனால் வாங்கியவர்கள் முடித்தாரா என்பதை மட்டும் கேட்டார்கள், நாங்களும் அதற்கே எழுதினோம். ஊடகம் மளிகை கொண்டுவரும் லாரி மாதிரி, சத்து லாரியால் வராது என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983லேயே வாதிட்டார். முழுக்க ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. உங்கள் பாடத்தில் ஊழியர் ஒரு முடிவாவது எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

வீடியோ எத்தனை நிமிஷம் இருக்கலாம் அண்ணா? (யூடியூபில் வேதியியல் நடத்துபவர், மதுரை)

ஆறு நிமிஷத்துக்குள் என்பார்கள் தம்பி. 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களை வைத்து வந்த ஆய்வு அதற்கு அடிப்படை. அது அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை, எவ்வளவு புரிந்தது என்பதை அல்ல. நடுவில் நிறுத்தி ஒரு சமன்பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

ஏஐ ஒரு நிமிஷத்தில் பாடம் எழுதுகிறது. இனி இந்த வேலைக்கு வரலாமா அக்கா, அண்ணா யாராவது சொல்லுங்கள். (பொறியியல் மாணவர், வேலூர்)

வாங்க தம்பி. அது பத்துக் கேள்வி எழுதித் தரும். நீங்கள் தவறான விடைகளைப் பாருங்கள். 1/2 + 1/3 எவ்வளவு என்ற கேள்விக்கு 2/5 என்ற விடை பட்டியலில் இருக்கிறதா? மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டும் பிள்ளை அதைத்தான் எழுதும். அதைத் தொட்டவுடன் 'தவறு, மீண்டும் முயல்க' என்று வந்தால் பிரயோஜனமில்லை. "உன்னிடம் அரைத் தோசை இருக்கு, இன்னும் கொஞ்சம் தந்தேன். இப்போ அரையை விடக் குறைஞ்சிடுமா?" என்று கேட்கும் வரியை நீங்கள் எழுத வேண்டும்.