காலேஜ் கவுன்சிலரிடம் சொன்னால் எச்ஓடி வரைக்கும் போய்விடுமா?

கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும், ஹாஸ்டலில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை, மூன்று அரியர், கிளாஸுக்குப் போகவே பிடிக்கவில்லை, சில நாள் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறதாம். காலேஜில் கவுன்சிலர் இருக்கிறார், ஆனால் அவரிடம் சொன்னால் டிபார்ட்மென்ட் தலைவரான எச்ஓடிக்கும் வீட்டுக்கும் தெரிந்துவிடுமோ, பிளேஸ்மென்ட்டில் அடிபடுமோ என்று பயம். வெளியே டாக்டரைப் பார்க்கக் காசில்லை.

காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் என்ற அந்த நினைப்பைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் முதலில் பேச வேண்டியது அதைத்தான். மனச்சோர்வில் இருக்கும் பலருக்கு இப்படித் தோன்றும், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் எப்படி, எப்போது என்று யோசனை ஓட ஆரம்பித்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். ரூம்மேட்டைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு 14416க்குப் போன் பண்ணுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நிலைமை கைமீறுகிற மாதிரி இருந்தால் 108, இல்லையென்றால் நேரே அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. கவுன்சிலரையோ டாக்டரையோ பார்க்கும்போதும் இந்த நினைப்பை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பலர் தூக்கத்தைப் பற்றியும் அரியரைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிவிட்டு இதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிடுகிறார்கள்.

சரி, விஷயம் வெளியே போகுமா என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் போய்ப் பேசப்போகிற ஆள் யார் என்பதைப் பொறுத்தது அது. நிறைய கல்லூரிகளில் டிபார்ட்மென்ட் ஆசிரியர் ஒருவரையே மென்டாராகவும் போட்டு, கவுன்சிலிங்கும் அவர் பொறுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் உங்கள் அட்டென்டன்ஸையும் மதிப்பெண்ணையும் கவனித்து, குறைந்தால் வீட்டுக்குப் போன் பண்ணுவதுதான் அவருடைய வேலை, அதனால் நீங்கள் சொன்னது எச்ஓடி காதுக்குப் போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் மனசு விட்டுப் பேசு என்று மாணவனிடம் சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. முழு நேரமாக இதற்கென்றே நியமித்த, உளவியலோ சமூகப்பணியோ படித்த ஆளாக இருந்தால் கதை வேறு. மனநல சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரியான விதிவிலக்குகள் அதிலேயே உண்டு.

அதனால் முதல் நாள் உட்கார்ந்ததுமே கதையைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள், அதை யார் பார்க்க முடியும், எந்த நிலைமையில் வீட்டுக்குச் சொல்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல கவுன்சிலர் கோபித்துக்கொள்ள மாட்டார், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒருவரிடமாவது சொல்வேன், அதையும் உங்களுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் செய்வேன் என்கிற மாதிரி தெளிவாகப் பதில் சொல்வார். அதையெல்லாம் பற்றி நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று மழுப்பினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் கல்லூரியில் தகுதியான ஆளே இல்லை என்றால் அது கல்லூரியின் குறைதான்: 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனம் தகுதியான கவுன்சிலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும், டெலி மானஸ் எண்ணை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிதாக எழுதிப் போட வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

காசைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள், கூட்டம் இருக்கும், பாதி நாள் போய்விடும், மாத்திரை இலவசம். கூட்டத்தில் டாக்டருக்கு உங்களுக்கென்று நிறைய நேரம் கிடைக்காது, ஆகவே தூக்கம், சாப்பாடு, எத்தனை நாளாக, அந்தக் காலை நினைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு, ரத்தசோகைக்கு டெஸ்ட் எழுதித் தரலாம், அவையும் இதே மாதிரி ஆளைச் சோர்ந்து போக வைக்கும். மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட், உட்கார்ந்து பேசுவது சைக்காலஜிஸ்ட், சிலருக்குப் பேச்சே போதும். மனச்சோர்வு மாத்திரை தந்தால் குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் வயிற்றைப் புரட்டலாம், அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

பிளேஸ்மென்ட்டைப் பொறுத்தவரை, கம்பெனிகள் கேட்பது மதிப்பெண்ணும் நிலுவை அரியரும்தான். கவுன்சிலரைப் பார்ப்பதைவிட, பார்க்காமல் இப்படியே விட்டு ஏறப்போகிற அரியர்தான் உங்களுக்கு இடைஞ்சல்.

அப்புறம் அட்டென்டன்ஸ். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், உடல்நிலை காரணமாக 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்றோடு விலக்குக் கேட்கலாம். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தால் முதல் விசிட்டிலேயே டாக்டரிடம் சொல்லி வையுங்கள், செமஸ்டர் முடிகிற நேரத்தில் போய் நின்று பழைய தேதிக்குச் சான்று கேட்டால் தர மாட்டார்கள்.